புது வீடும் மின்விளக்கும்

(எழுத்தறிவு மையத்துக் கூட்டத்தில் வயரிங் தொழிலாளி ஒருவர் பேசிய பேச்சு)



உங்களில் பலர் வீடு கட்டுகிறீர்கள். சிலர் கட்டப் போகிறீர்கள். சிலருக்கு அரசுத் திட்டத்தில் வீடு. சிலருக்குக் கடன் வாங்கிக் கட்டும் வீடு. எதுவானாலும் வாழ்நாளில் ஒரு முறைதான் கட்டுகிறோம்.

வீடு கட்டும்போது எதைப் பற்றியெல்லாம் பேசுகிறோம்? வாசல் எந்தத் திசை என்று பேசுகிறோம். கதவு என்ன மரம் என்று பேசுகிறோம். சுவருக்கு என்ன நிறம் என்றுகூடப் பேசுகிறோம். மின்சாரத்தைப் பற்றி மட்டும் கடைசியில் பேசுகிறோம். "அதெல்லாம் எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம்.

சுவரின் நிறம் பிடிக்கவில்லை என்றால் மாற்றி அடிக்கலாம். கதவைக்கூடக் கழற்றி மாற்றலாம். ஆனால் மின்கம்பி கூரைக்குள்ளும் சுவருக்குள்ளும் போய்விடும். பிறகு மாற்ற வேண்டும் என்றால் சுவரை உடைக்க வேண்டும். பணம் இரண்டு மடங்காகும். அதனால் பலர் மாற்றுவதே இல்லை. தவறான வயரிங்குடனே வாழ்ந்துவிடுகிறார்கள். சிலர் அதனாலேயே உயிரையும் இழக்கிறார்கள்.

ஆகவே முதல் செங்கல் வைக்கும் முன்பே மின்சாரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். எப்படி யோசிப்பது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஒரு விளக்கிலிருந்து இன்று வரை

நம் நாட்டில் 1988-89இல் குடிர் ஜோதி என்ற திட்டம் வந்தது. ஏழைகளின் வீட்டுக்கு ஒரே ஒரு விளக்கு இணைப்பு கொடுத்தார்கள். அன்றைக்கு அதுவே பெரிய விஷயம். 2017இல் சௌபாக்யா திட்டம் வந்தது. இணைப்பு இல்லாத வீடுகளுக்கு இணைப்பு கொடுப்பது அதன் நோக்கம்.

ஒரு விளக்கு மட்டும் எரிந்த வீட்டில் வயரிங் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை. இன்று அப்படியா? மின்விசிறி இருக்கிறது. மிக்ஸி இருக்கிறது. பிரிட்ஜ் இருக்கிறது. செல்போன் சார்ஜர் ஆளுக்கு ஒன்று இருக்கிறது. தண்ணீர் மோட்டார் இருக்கிறது. சாமான் கூடிவிட்டது. வயரிங்கும் அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும்.

மாநிலத்துக்கு மாநிலம் மின்சார நிறுவனத்தின் பெயர் மாறும். மின்சாரம் மாறாது. காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை சாதாரண வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தான். ஓர் ஆளைக் கொல்ல அது போதும். இதை மறக்கக் கூடாது.

இடத்தைப் பாருங்கள்

வீட்டுக்குக் கோடு போடும் முன் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். மின்கம்பி போகிறதா? போகிறது என்றால் எச்சரிக்கை வேண்டும்.

தெருவில் வீடுகளுக்கு மின்சாரம் கொண்டு போகும் சாதாரணக் கம்பி மொட்டைமாடிக்கு மேலே போனால், இடையில் குறைந்தது 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். அதாவது 8 அடிக்கு மேல். பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டர் வேண்டும். அதாவது 4 அடி. 11,000 வோல்ட் கம்பி என்றால் மேலே 3.7 மீட்டர் வேண்டும். அதாவது 12 அடி. இது சட்டம்.

இன்று தரைத்தளம் கட்டும்போது இடைவெளி இருக்கும். நாளை மாடி எழுப்பினால் கம்பி கைக்கு எட்டும். ஆகவே மாடியையும் சேர்த்து இன்றே கணக்குப் போடுங்கள். இடைவெளி போதாது என்றால் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள். கம்பியை மாற்றிய பிறகு கட்டுங்கள். கட்டுமானக் கம்பியை நிமிர்த்திப் பிடிக்கும்போது மேலே உள்ள மின்கம்பியில் பட்டு இறந்தவர்கள் உண்டு. வேலை செய்கிறவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஒரு தாள், ஒரு பென்சில்

இனி வீட்டுக்குள் வருவோம். ஒரு தாள் எடுங்கள். வீட்டின் படத்தைக் கட்டம் கட்டமாகப் போடுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. கூடம், படுக்கை அறை, சமையலறை, குளியலறை, கழிப்பறை, திண்ணை, மாடிப்படி என்று பெயர் எழுதுங்கள். கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று குறியுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் குறியுங்கள். கதவுக்குப் பின்னால் ஸ்விட்ச் போர்டு மாட்டிக்கொண்ட வீடுகள் எத்தனையோ உண்டு. ஒவ்வொரு நாளும் கதவைச் சாத்தி விளக்குப் போட வேண்டியிருக்கும்.

இந்தத் தாளை வீட்டின் ஆண்மகன் மட்டும் எழுதக் கூடாது. சமையலறையில் நிற்கிறவர் யார்? அவரைக் கேளுங்கள். இரவில் எழுந்து கழிப்பறை போகிற தாத்தா பாட்டியைக் கேளுங்கள். படிக்கிற பிள்ளையைக் கேளுங்கள். எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் தெரிந்த பதிலும் மாறும். ஆகவே ஒரு வாரம் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வையுங்கள். நினைவு வரும்போதெல்லாம் எழுதிச் சேருங்கள்.

விளக்கு எங்கே வேண்டும்?

முதல் விளக்கு சூரியன். அதற்குக் கட்டணம் இல்லை. ஜன்னலைச் சரியான இடத்தில் வைத்தால் பகலில் விளக்கே வேண்டாம். உள்சுவருக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறம் அடித்தால் வெளிச்சம் இன்னும் கூடும்.

அடுத்தது மின்விளக்கு. பலர் அறையின் நடுவில் ஒரு விளக்கு போட்டு முடித்துவிடுகிறார்கள். அது போதாது. வேலை எங்கே நடக்கிறதோ அங்கே வெளிச்சம் விழ வேண்டும்.

சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் என்ன ஆகும்? உங்கள் நிழல் அடுப்பு மேல் விழும். அரிசியில் கல் தெரியாது. கத்தி விரலில் படும். சமையல் மேடைக்கு நேர் மேலே ஒரு விளக்கு வையுங்கள்.

பிள்ளை படிக்கும் இடத்தில் வெளிச்சம் பக்கத்திலிருந்து வர வேண்டும். வலது கையால் எழுதும் பிள்ளைக்கு இடது பக்கத்திலிருந்து வந்தால் நல்லது. கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. இரவில் புத்தகம் படிக்கும் உங்களுக்கும் இதுவே சரி.

மின்விசிறிக்கு மேலே விளக்கு வைக்க வேண்டாம். இறக்கை சுற்றும்போது வெளிச்சம் வெட்டி வெட்டி விழும். கண்ணுக்குத் தொல்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச் வையுங்கள். எதைத் தட்டினாலும் அந்த விளக்கு எரியும், எதைத் தட்டினாலும் அணையும். இதற்கு டூ-வே ஸ்விட்ச் என்று பெயர். படுக்கை அறையிலும் இப்படி வைக்கலாம். வாசலில் ஒன்று, கட்டில் பக்கத்தில் ஒன்று.

கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால், போகும் வழிக்கும் விளக்கு வேண்டும். ஸ்விட்ச் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இருட்டில் போக அஞ்சி, இரவெல்லாம் அடக்கிக்கொண்டு கிடக்கும் பெண்கள் உண்டு. ஒரு விளக்கு அவர்களுடைய உடல்நலத்தைக் காக்கும். பாம்பு பயமும் குறையும்.

ஸ்விட்ச் போர்டு தரையிலிருந்து நாலடி, நாலரை அடி உயரத்தில் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் வீட்டில் உண்டா? அவர் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். கீழே பிளக் வைக்க வேண்டியிருந்தால், துளைக்கு உள்மூடி உள்ளதாக வாங்குங்கள். குழந்தை குச்சியை விட்டாலும் உள்ளே போகாது.

எத்தனை வாட்?

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம். கூட்டலும் பெருக்கலும்தான்.

ஒவ்வொரு சாமானிலும் வாட் என்று ஓர் எண் போட்டிருக்கும். அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதற்கு அளவு. ஒரு சின்ன வீட்டைப் பார்ப்போம்.

9 வாட் எல்இடி விளக்கு 8: மொத்தம் 72 வாட்.
75 வாட் மின்விசிறி 3: மொத்தம் 225 வாட்.
டிவி: 80 வாட்.
பிரிட்ஜ்: 150 வாட்.
மிக்ஸி: 500 வாட்.
அயர்ன் பாக்ஸ்: 1000 வாட்.
தண்ணீர் மோட்டார்: 500 வாட்.

கூட்டிப் பாருங்கள். 2527 வாட் வரும். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 11 ஆம்பியர். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் இவ்வளவு ஆகும்.

நாளை ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குவீர்கள். அது 2000 வாட். பிறகு வெந்நீர் போட ஒரு கீசர். அது 2000 வாட். இப்போது மொத்தம் 6527 வாட். ஆம்பியர் 28 ஆகிவிட்டது. பழைய கம்பி தாங்குமா? தாங்காது. சூடாகும். மேலுறை உருகும். தீப்பிடிக்கும்.

ஆகவே இன்றைக்கு உள்ள சாமானை மட்டும் எழுதாதீர்கள். பத்து வருடத்தில் வரப்போகும் சாமானையும் எழுதுங்கள். வாங்க வேண்டாம். இடம் மட்டும் விட்டு வையுங்கள்.

ஒரே பாதையில் எல்லா வண்டியும் போகலாமா?

ஒரு வாய்க்காலில் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டால் கரை உடையும். அதனால் கிளை வாய்க்கால் வெட்டுகிறோம். மின்சாரமும் அப்படித்தான். மெயின் போர்டிலிருந்து தனித்தனிப் பாதையாகப் பிரிக்க வேண்டும். இதற்குச் சர்க்யூட் என்று பெயர்.

விளக்கு, விசிறிக்கு ஒரு பாதை. அதில் 10 பாயிண்டுக்கு மேல் வேண்டாம். 800 வாட்டுக்கு மேலும் வேண்டாம். சமையலறைப் பெரிய பிளக்குகளுக்குத் தனிப் பாதை. ஒரு பாதையில் இரண்டு பெரிய பிளக் போதும். மோட்டாருக்கு ஒன்று. கீசர், ஏசி வருமானால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை.

இதனால் இன்னொரு நன்மை உண்டு. சமையலறையில் பழுது வந்தால் அந்தப் பாதை மட்டும் நிற்கும். வீடு முழுவதும் இருட்டாகாது.

ஒவ்வொரு பாதைக்கும் மெயின் போர்டில் ஒரு எம்சிபி வைப்பார்கள். அளவுக்கு மேல் மின்சாரம் போனால் அது தானே விழுந்துவிடும். பழைய பியூஸ் கட்டைக்குப் பதில் வந்தது இது. எம்சிபி அடிக்கடி விழுந்தால் பெரியதாக மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மாற்றாதீர்கள். அது கம்பியைக் காக்கும் காவல்காரன். காவல்காரன் கத்துகிறான் என்றால் திருடன் எங்கே என்று பார்க்க வேண்டும்.

கம்பியைப் படியுங்கள்

நீங்கள் எழுத்துப் படித்தவர்கள். கம்பியிலும் எழுத்து இருக்கிறது. கடையில் கம்பிச் சுருளைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எண் எந்த மொழியிலும் எண்தான். எண்ணைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது.

விளக்குக்கும் விசிறிக்கும் 1.5. இது கம்பியின் தடிமன். சதுர மில்லிமீட்டர் என்பது அளவு. எம்சிபி 6 அல்லது 10 ஆம்பியர்.
பெரிய பிளக்குக்கு 2.5. எம்சிபி 16 ஆம்பியர்.
கீசர், ஏசிக்கு 4. எம்சிபி 20 ஆம்பியர்.

வீட்டுக்குள் செம்புக் கம்பியே போடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரைக்கு மேலே ஐஎஸ் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். வீட்டு வயருக்கு அந்த எண் 694. முத்திரைக்குக் கீழே உரிம எண் இருக்கும். செல்போனில் பிஐஎஸ் கேர் என்ற செயலி உண்டு. உரிம எண்ணை அதில் போட்டால் முத்திரை உண்மையா பொய்யா என்று தெரியும்.

நிறத்துக்கும் பொருள் உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம் என்றால் மின்சாரம் வரும் கம்பி. அதை பேஸ் என்கிறோம். கறுப்பு திரும்பிப் போகும் கம்பி. அது நியூட்ரல். பச்சை எர்த். "கையில் இருந்ததைப் போட்டேன்" என்று நிறத்தை மாற்றிப் போட விடாதீர்கள். நாளை பழுது பார்க்க வருகிறவர் நிறத்தை நம்பித்தான் தொடுவார்.

ஸ்விட்ச் எப்போதும் பேஸ் கம்பியில் இருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். பல்பு மாற்றப் போனவருக்கு ஷாக் அடிக்கும்.

கான்கிரீட் போடும் நாள்

கூரைக்குக் கான்கிரீட் போடும் நாள் மிக முக்கியமான நாள். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்ததும் எலக்ட்ரீஷியன் வந்து பைப் பதிக்க வேண்டும். விளக்குக்கும் விசிறிக்கும் பெட்டி வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கான்கிரீட்.

அன்றைக்கு உங்கள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். ஒவ்வொரு அறையாகச் சரி பாருங்கள்.

விசிறிப் பெட்டியின் கொக்கி கூரைக் கம்பிக்குள் மாட்டியிருக்கிறதா? விசிறியின் பாரத்தை அதுதான் தாங்கும்.
பைப்பின் வாயெல்லாம் மூடியிருக்கிறதா? மூடாவிட்டால் சிமெண்ட் பால் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும்.
பைப் சட்டென்று மடங்காமல் வளைந்து போகிறதா? மடங்கினால் கம்பி இழுக்க முடியாது.
ஆட்கள் மிதித்து எங்கேயாவது உடைந்திருக்கிறதா?

ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். கான்கிரீட் விழுந்த பிறகு ஒரு மாதம் பார்த்தாலும் பயனில்லை.

பிறகு சுவரில் காடி வெட்டிப் பைப் பதிப்பார்கள். பைப் நேராக மேலும் கீழும் போகட்டும், அல்லது படுக்கையாகப் போகட்டும். குறுக்கே சாய்வாகப் போகக் கூடாது. நாளைக்குப் படம் மாட்ட ஆணி அடிக்கும்போது பைப் எங்கே என்று தெரிய வேண்டும். பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். இருபது வருடம் கழித்தும் உதவும்.

பைப்புக்குள் கம்பியைத் திணிக்கக் கூடாது. பாதிக்கு மேல் காலி இடம் வேண்டும். கம்பியை ஒட்டுப் போட்டால் பெட்டிக்குள்தான் போட வேண்டும். பைப்புக்குள் ஒட்டு கூடாது.

மொட்டைமாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை காலிப் பைப் ஒன்றும் விட்டு வையுங்கள். கூரையில் சூரிய மின்சாரம் அமைக்க 2024இல் மத்திய அரசு பிரதமர் சூர்யா கர் திட்டத்தைத் தொடங்கியது. இன்று வேண்டாம் என்றாலும் நாளை உங்களுக்கோ பிள்ளைக்கோ அது தேவைப்படலாம்.

எர்த் என்னும் உயிர்க் கம்பி

இப்போது நான் சொல்வதை மட்டுமாவது மறக்காதீர்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

வீடு முடியும் நேரத்தில் பணம் தீர்ந்துபோகும். எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பார்கள். முதலில் குறைப்பது எர்த்தைத்தான். எர்த் இல்லாமலும் விளக்கு எரியும். விசிறி ஓடும். அதனால் அது தேவையில்லை என்று தோன்றும்.

பிரிட்ஜுக்கு இரும்பு உடம்பு. உள்ளே ஒரு கம்பியின் உறை கிழிந்து உடம்பில் பட்டுவிட்டது என்று வையுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது. பிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஈரக் கையோடு, வெறுங்காலோடு அம்மா வந்து கதவைத் திறப்பார். எர்த் இல்லாத வீட்டில் மின்சாரம் மண்ணுக்குப் போக ஒரே வழி அவருடைய உடம்புதான். எர்த் உள்ள வீட்டில் மின்சாரம் பச்சைக் கம்பி வழியாக ஓடிவிடும். அதிக மின்சாரம் ஓடுவதால் எம்சிபியும் விழும்.

எர்த் குழியை இப்படிப் போடலாம். சுவரிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி, அதாவது 5 அடி தள்ளி, குழி வெட்ட வேண்டும். 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப்பை இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு இறக்க வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடுவார்கள். மேலே சின்னத் தொட்டி கட்டி மூடி போட வேண்டும். வெயில் காலத்தில் அதில் தண்ணீர் ஊற்றுங்கள். மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் வேலை செய்யும்.

குழி மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு மூன்று துளைப் பிளக்குக்கும் பச்சைக் கம்பி போயிருக்க வேண்டும். மேலே உள்ள பெரிய துளை எர்த்துக்கானது. பெட்டியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும், நியூட்ரலோடு முறுக்கி விடுவதும் எர்த் ஆகாது. அது பெரிய ஆபத்து.

எர்த்துக்குத் துணையாக ஆர்சிசிபி என்ற கருவி உண்டு. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். யார் உடம்பு வழியாகவாவது கொஞ்சம் ஒழுகினால் கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும். அதில் 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்க வேண்டும். 6 ஆம்பியர் எம்சிபியோடு ஒப்பிட்டால் இது இருநூறில் ஒரு பங்கு. எம்சிபி கம்பியைக் காக்கும். ஆர்சிசிபி ஆளைக் காக்கும். ஒரு நல்ல கதவின் விலைகூட இதற்கு ஆகாது. இதில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

குளியலறையில் ஸ்விட்ச் வெளியே இருக்கட்டும். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் பிளக் வேண்டாம்.

வேலை யாரிடம்?

அரசு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுங்கள். மின் இணைப்புக்கு மனு கொடுக்கும்போது, வேலை சரியாக இருக்கிறது என்று அவர் சோதித்துக் கையெழுத்துப் போட்ட அறிக்கை வேண்டும். சோதிக்காமலே கையெழுத்து மட்டும் வாங்குவது சில இடங்களில் நடக்கிறது. அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மெக்கர் கருவி வைத்துக் கம்பியின் உறையைச் சோதிக்க வேண்டும். எர்த்தையும் சோதிக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

பேசிய கூலியையும் பொருளின் பெயரையும் கம்பியின் அளவையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முன்பு கைநாட்டு வைத்தோம். இப்போது படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம்.

கட்டணம் குறைய

ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடி எரிந்தால் மாதம் ஒன்றரை யூனிட்கூட ஆகாது.

75 வாட் விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 27 யூனிட். இப்போது பிஎல்டிசி என்ற விசிறி வருகிறது. 30 வாட் எடுப்பதாக இருந்தால் மாதம் 11 யூனிட்டுக்குள் முடியும். விலை கூடுதல். ஆனால் மாதாமாதம் மிச்சமாகும். 2023 முதல் மின்விசிறிகளில் நட்சத்திரக் குறி கட்டாயம். நட்சத்திரம் கூடினால் செலவு குறையும். எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

கேட்டார்கள், சொன்னேன்

ஒரு தாய் கேட்டார்: "எங்க வீட்டுல எர்த்தே இல்ல தம்பி. பத்து வருஷமா எல்லாம் ஓடுது. ஒண்ணும் ஆகலையே?"

நல்ல கேள்வி அம்மா. நம் கிணற்றுக்குச் சுவர் கட்டுகிறோம். தினமும் யாராவது விழுகிறார்களா? இல்லை. குழந்தை ஓடிவரும் அந்த ஒரு நாளுக்காகக் கட்டுகிறோம். எர்த்தும் அப்படித்தான். பழைய வீட்டிலும் போடலாம். புது வீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஒரு பெரியவர் கேட்டார்: "நம்மது ஓட்டு வீடுப்பா. கான்கிரீட் கிடையாது. என்ன செய்யிறது?"

ஐயா, சுவரின் மேலேயே பிவிசி பட்டி அடித்து அதற்குள் கம்பியைக் கொண்டு போகலாம். பழுது பார்ப்பதும் எளிது. கம்பியைத் தொங்கவிடாதீர்கள். ஆணியில் சுற்றாதீர்கள். தகரக் கூரையில் கம்பி உரசினால் கூரை முழுவதும் ஷாக் அடிக்கும். எர்த்தும் ஆர்சிசிபியும் ஓட்டு வீட்டுக்கும் உண்டு.

ஒரு தங்கை கேட்டார்: "ஷாக் அடிச்சு ஒட்டிக்கிட்டா எப்படிக் காப்பாத்துறது அண்ணா?"

முதலில் அவரைத் தொடக் கூடாது அம்மா. ஓடிப்போய் மெயினை நிறுத்து. மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் அதை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்கிறேன். நிறுத்த முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையின் மேல் நின்று, காய்ந்த குச்சியால் தள்ளிவிடு. தெருக்கம்பி என்றால் இதையும் செய்யாதே. கிட்டேயே போகக் கூடாது. மின்வாரியத்தைக் கூப்பிடு. அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியவை

1. தாளில் வீட்டுப் படம் போடுங்கள்.
2. வீட்டில் உள்ள எல்லோரையும் கேட்டு விளக்கையும் பிளக்கையும் குறியுங்கள்.
3. வாட்டைக் கூட்டிப் பாருங்கள்.
4. பாதைகளைப் பிரிக்கச் சொல்லுங்கள்.
5. கம்பியின் எண்ணையும் முத்திரையையும் படியுங்கள்.
6. கான்கிரீட்டுக்கு முன் மேலே ஏறிப் பாருங்கள்.
7. பூச்சுக்கு முன் சுவரைப் படம் எடுங்கள்.
8. எர்த், ஆர்சிசிபி இரண்டையும் விடாதீர்கள்.
9. சோதனையை நேரில் பாருங்கள்.

வீடு கட்டும்போது ஓடு மாற்றலாம், நிறம் மாற்றலாம், வாசல் அலங்காரத்தைக் குறைக்கலாம். எர்த் கம்பியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். உங்கள் புது வீட்டில் விளக்கு எரியட்டும். அந்த வெளிச்சத்தில் எல்லோரும் நலமாக இருங்கள்.